தீச்சுவருக்குப் பின்னால் நின்றுபோன இற்றைப்படுத்தல்: திருகோணமலைக் கடனுதவிச் சங்கமொன்றின் சேவையகம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குரிய சேவையகம் திருகோணமலை நகரில் இயங்கும் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கமொன்றின் தலைமை அலுவலகத்தில், பழைய பேரேடுகள் அடுக்கிய அலுமாரிகளுக்குப் பின்னால் உள்ள சிறு அறையில் இருக்கிறது. அச்சங்கத்தின் கணினிகளை மாதத்தில் ஓரிரு தடவை சென்று பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சங்கத்தின் பெயரையோ, முதலில் வலையமைப்பை அமைத்துக் கொடுத்தவர்களின் பெயரையோ இங்கு தரவில்லை. அவர்கள் கவலையீனமாக வேலை செய்தவர்கள் அல்லர். அவர்கள் எடுத்த ஒவ்வொரு முடிவும் தனித்துப் பார்க்கும்போது நியாயமானதே. அந்த நியாயமான முடிவுகள் ஒன்றாகச் சேர்ந்தபோது, ஏறத்தாழ ஏழு மாத காலம், மென்பொருளின் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் (அப்டேட்) ஒன்றுகூடத் தானாக நிறுவப்படவில்லை. அந்தக் காலம் முழுவதும் இயந்திரம் தன் பதிவேட்டில் குறை எதுவும் இல்லை என்றே நாள்தோறும் எழுதி வந்தது. இந்த இரண்டும் சேர்ந்துதான் நடந்ததை விரிவாகப் பதிய வேண்டும் என்று என்னை எண்ண வைத்தன.

சேவையகத்தில் உபுண்டு 22.04 பணிசெயல் முறைமையும், மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும், அப்பாச்சி வலைச் சேவையும் இருந்தன. அங்கத்தவர்களின் வைப்பு, கடன் கணக்குகள் அனைத்தும் அந்தத் தரவுத்தளத்திலேயே உள்ளன. கிண்ணியா, மூதூர் கிளைகள் வி.பி.என். என்னும் பாதுகாக்கப்பட்ட இணைய இணைப்பு வழியாக இதே சேவையகத்தைப் பயன்படுத்துகின்றன. ஊர் ஊராகச் சென்று நாளாந்தச் சேமிப்பைச் சேகரிப்பவர்கள் மாலை ஏழு, ஏழரை மணி வரைக்கும் தங்கள் கைபேசிகளிலிருந்து அன்றைய தொகைகளைப் பதிவேற்றுகிறார்கள். இணைய இணைப்பின் வாசலில் ஒரு தீச்சுவர்ப் பெட்டி நிற்கிறது. வெளியிலிருந்து உள்ளே வருவதை மட்டுமன்றி, சேவையகத்திலிருந்து வெளியே செல்லும் இணைப்புகளையும் அது தடுக்கிறது. இது நல்ல நடைமுறை. தீங்கு செய்யும் நிரலான தீநிரல் ஒன்று எப்படியோ உள்ளே புகுந்துவிட்டாலும் தன்னை ஏவியவர்களுடன் நேரடியாகப் பேச அதனால் முடியாது. வெளியே போக வேண்டிய எந்தக் கணினியும், ஸ்குவிட் என்னும் புரொக்சி மென்பொருள் இயங்கும் இன்னொரு சிறு இடைத்தரகுக் கணினியிடம் 3128ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள இணைப்பு வாயிலில், கேட்டுத்தான் போக வேண்டும். அந்தப் புரொக்சியும் அனுமதிப் பட்டியலில் உள்ள பெயர்களுக்கு மட்டுமே வழிவிடும்.

இவ்வளவு காவல் இருக்கும்போது இற்றைப்படுத்தல் எதற்கு என்று நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் கேட்டார். பொறுப்புள்ள கேள்விதான். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல்களில் ஒன்றாக 2017இல் விண்டோஸ் கணினிகளிடையே பரவிய வன்னாக்ரை இதற்குப் பதில் சொல்கிறது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் தொடங்கியது மே 12. இடையில் கிடைத்த இரண்டு மாதங்களைப் பயன்படுத்தாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள். உள்வலையில் ஒரு கணினியைப் பிடித்துக்கொண்டால், 445ஆம் போர்ட் வழியாக அடுத்த கணினிகளுக்கு அது தானே தாவியது. வாசலில் நின்ற தீச்சுவர் அந்தத் தாவலைக் காண வழியே இல்லை. நம் நாட்டிலேயே 2023 ஓகஸ்டில் இலங்கை அரச முகிற்கணினி மீது பணயத் தீநிரல் தாக்குதல் நடந்தபோது, அரச அலுவலகங்கள் பலவற்றின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளப் பெற முடியாமற் போயின. அந்த மின்னஞ்சல் முறைமை, அவ்வாண்டு ஏப்ரலில் ஆதரவுக் காலம் முடிந்துவிட்ட, மைக்ரோசொஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் மென்பொருளின் 2013 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. சங்கத்தின் சேவையகம் லினக்ஸில் இயங்குவது. ஆயினும் கிளைகளிலிருந்து வரும் கணினிகளும், அங்கத்தவர்கள் கொண்டுவரும் யூ.எஸ்.பி. குச்சிகளும் தீச்சுவருக்கு உட்புறத்தில்தான் பொருத்தப்படுகின்றன.

முதல் தடயம்

மின்வெட்டுகளால் தளர்ந்துபோன யூ.பி.எஸ். பற்றரியை மாற்றுவதற்காக ஒரு சனிக்கிழமை பிற்பகல் சென்றிருந்தேன். சேவையகத்தை முறைப்படி நிறுத்துவதற்காக உள்நுழைந்தபோது, உபுண்டு வழக்கமாகக் காட்டும் வரவேற்பு வரிகள் திரையில் வந்தன. உடனடியாக நிறுவ வேண்டிய இற்றைப்படுத்தல்கள் பூச்சியம் என்றது ஒரு வரி. அதற்குக் கீழே, கிடைக்கக்கூடிய இற்றைப்படுத்தல்களின் பட்டியல் ஒரு வாரத்துக்கும் மேல் பழையது என்றது இன்னொரு வரி. முதல் வரியைப் பார்த்து மனம் ஆறியவர்கள் இரண்டாவது வரியைக் கவனித்திருக்க மாட்டார்கள். நானும் முந்தைய வருகைகளில் கவனிக்கவில்லை. தானாக நாள்தோறும் இற்றைப்படும் சேவையகத்தின் பட்டியல் ஏன் ஒரு வாரம் பழையதாக இருக்க வேண்டும்?

இந்த வேலையைச் செய்வது அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்னும் நிரல். உபுண்டு 16.04இலிருந்து அது நிறுவலோடு சேர்ந்தே வருகிறது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தானாக நிறுவுமாறு அமைந்திருக்கும். அதன் பதிவுக் கோப்பைத் திறந்தேன். நாளுக்கு ஒரு பதிவு தவறாமல் இருந்தது. ஒவ்வொன்றிலும், தானாக நிறுவக்கூடிய பொதிகள் (நிறுவுவதற்கேற்பக் கட்டிய மென்பொருள் தொகுப்புகள்) எவையும் இல்லை என்ற ஒரே வாசகம். பிழை என்ற சொல் மருந்துக்கும் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள, வேலை இரு கட்டங்களாக நடப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் ஆப்ட் என்னும் பொதி முகாமையாளர் வெளியே சென்று புதிய பொதிகளின் பட்டியலைக் கொண்டுவருகிறது. பிறகு அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ், அந்தப் பட்டியலையும் இயந்திரத்தில் இருப்பவற்றையும் ஒப்பிட்டு, புதியது எதுவோ அதை நிறுவுகிறது. வலையமைப்புக் கோளாறால் பட்டியலைக் கொண்டுவர முடியாவிட்டால், ஆப்ட் அதைப் பிழையாகக் கொள்வதில்லை. எச்சரிக்கை ஒன்றை எழுதிவிட்டு, கையிலுள்ள பழைய பட்டியலையே வைத்துக்கொண்டு, வெற்றி என்ற குறியுடன் முடித்துக்கொள்ளும். பயணத்தில் இருக்கும் மடிக்கணினிக்கு இது பொருத்தமான நடத்தை. அறைக்குள் நிற்கும் சேவையகத்திலோ இதன் விளைவு, போன வருடத்துப் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு இன்றைக்கு விசேடம் ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு ஒப்பானது. பட்டியல் பழையது, ஆகவே புதிய பொதி ஏதும் தெரியவில்லை, ஆகவே நிறுவ ஒன்றுமில்லை. சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் பச்சை நிறத்தில் இருந்தன.

கையால் செய்தால் சரி

முகாமையாளரிடம் விடயத்தைச் சொன்னபோது, அவர் உண்மையாகவே வியந்தார். "தம்பி, போட்டுத் தந்த ஆக்கள் எனக்கு முன்னாலதானே செய்து காட்டினவை, ஒரு நிமிசத்தில எல்லாம் இறங்கிச்சுது" என்றார். அவர் சொன்னது சரி. அதே கட்டளையை நான் கையால் கொடுத்தேன். பட்டியல் தடையின்றி இறங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட பொதிகள் காத்திருப்பதாக ஆப்ட் அப்போதுதான் சொன்னது. கையால் செய்தால் நடக்கிறது, தானாக நடக்க வேண்டிய வேளையில் நடக்கவில்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் மேலே தேட வேண்டியிருந்தது.

தேட இரண்டு இடங்கள் இருந்தன. புரொக்சியின் பதிவேட்டில், நான் கையால் கட்டளை கொடுத்த அந்த நிமிடத்தில் சேவையகத்தின் முகவரி இருந்தது. அதற்கு முன் பல வாரங்களுக்கு அந்த முகவரியே இல்லை. தீச்சுவரின் பதிவேட்டிலோ, சேவையகம் 80ஆம் போர்ட்டில் நேரே வெளியே போக முயன்று தடுக்கப்பட்ட வரிகள் நாளுக்கு இரண்டு தொகுதியாக, வெவ்வேறு நேரங்களில் கிடந்தன. தானாக இயங்கும்போது அந்த நிரலுக்குப் புரொக்சி ஒன்று இருப்பதே தெரியவில்லை. கதவு இருக்கும் இடம் சொல்லப்படாததால் அது நாள்தோறும் இருமுறை சுவரில் மோதித் திரும்பியிருக்கிறது.

புரொக்சியின் முகவரி எங்கே எழுதப்பட்டிருந்தது என்று பார்த்தேன். ஈ.டி.சி. கோப்புறையில் உள்ள என்விரன்மென்ட் என்னும் கோப்பில் இருந்தது. உள்நுழையும் ஒருவருக்கு அந்தக் கோப்பில் உள்ளவை எல்லாம் அவரது சூழல் மாறிகளாக, அதாவது அவர் இயக்கும் நிரல்கள் பார்த்துக்கொள்ளும் அமைப்புக் குறிப்புகளாகக் கிடைக்கும். உபுண்டுவில் நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ கட்டளை வழியாகச் செய்யும் வேலைகளுக்கும் கிடைக்கும். குரொன் வழியாக நேர அட்டவணையில் ஓடும் வேலைகளுக்குக்கூட அந்தக் கோப்பு வாசிக்கப்படுகிறது. ஆனால் பின்னணிச் சேவைகளை எழுப்பி நடத்தும் சிஸ்டம்-டி என்னும் நிரல் தொடங்கும் சேவைகள் அதை வாசிப்பதில்லை. இப்போதைய உபுண்டுவில் தானியங்கி இற்றைப்படுத்தலை எழுப்புபவை சிஸ்டம்-டியின் இரண்டு டைமர்கள்: ஒன்று பட்டியலையும் பொதிகளையும் இறக்கும், மற்றது நிறுவும். குரொனை நம்பியிருந்த பழைய பழக்கத்தில் ஒருவர் என்விரன்மென்ட் கோப்பில் எழுதியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்கும் மனிதருக்குக் கிடைக்கும் சூழலும், இரவில் தனியே ஓடும் நிரலுக்குக் கிடைக்கும் சூழலும் ஒன்றல்ல என்பதை அந்தச் சோதனை காட்டியிருக்க வழியில்லை.

திருத்தம் ஒற்றை வரிதான். ஆப்டின் அமைப்புக் கோப்புறைக்குள் புதிய கோப்பு ஒன்றை உருவாக்கி, புரொக்சியின் முகவரியையும் 3128 என்ற போர்ட்டையும் ஆப்டுக்கே உரிய வரியாக எழுதினேன். வரியின் கடைசியில் அரைப்புள்ளி விடுபட்டால் கோப்பு முழுவதும் பிழையாகும் என்பதால் இருமுறை பார்த்தேன். அதன்பின் கையால் கட்டளை கொடுத்துச் சோதிக்கவில்லை. டைமர் எழுப்பும் அதே சேவையைச் சிஸ்டம்-டி வழியாக எழுப்பிவிட்டு, புரொக்சியின் பதிவேட்டில் சேவையகத்தின் முகவரி வருகிறதா என்று காத்திருந்தேன். வந்தது. சேவையகத்தை மறுதொடக்கம் செய்து, யாரும் உள்நுழையாமல் விட்டு, மறுநாள் வீட்டிலிருந்து பதிவேட்டைப் பார்த்தேன். இரண்டு வேளையும் வந்திருந்தது. இந்த வகைக் கோளாற்றில் நான் நம்பும் சான்று இது ஒன்றுதான்.

வாசலில் எதை அனுமதிப்பது

புரொக்சியின் அனுமதிப் பட்டியலையும் அத்தோடு சீர்செய்தேன். முன்பு ஒருவர், பொதிகள் வைக்கப்பட்டிருக்கும் உபுண்டு களஞ்சியத்தின் ஐ.பி. முகவரிகளைத் (எண் வடிவிலான இணைய முகவரிகளை) தீச்சுவரில் எழுதி நேர்வழி கொடுக்க முயன்ற தடமும் கிடந்தது. ஒரே பெயருக்குப் பின்னால் பல முகவரிகள் இருக்கும், அவை மாறவும் செய்யும் என்பதால் அந்த விதி சில காலம் வேலை செய்து பிறகு செத்துப்போயிருக்கும். பெயரைக் கொண்டு அனுமதிப்பதே நிலைக்கும். அதைச் செய்ய ஏற்ற இடம் புரொக்சி. முதன்மைக் களஞ்சியம், இலங்கைக்குரிய முன்னொட்டுடன் வரும் அதன் பெயர், பாதுகாப்புக் களஞ்சியம் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு பழைய முகவரி விதிகளை நீக்கினேன். ஸ்னாப் பொதிகள் ஆப்டைச் சாராமல் தமக்கென ஒரு வழியில் நாளுக்கு நான்கு முறை புதுப்பிப்பைத் தேடுபவை. சங்கத்துக்கு அவற்றில் ஒன்றும் தேவைப்படாததால் முழுவதையும் அகற்றினேன்.

களஞ்சியத்துடன் மறைகுறியீடு இல்லாத 80ஆம் போர்ட்டில் பேசுவது தகுமா என்ற ஐயம் முகாமையாளருக்கு வந்தது. பட்டியலின் தலைக்கோப்பு களஞ்சியத்தின் சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்கிறது. அதில் பட்டியல்களின் சரிபார்ப்புத் தொகைகளும், பட்டியல்களில் ஒவ்வொரு பொதியின் சரிபார்ப்புத் தொகையும் உள்ளன. வழியில் ஒருவர் ஓர் எழுத்தை மாற்றினாலும் ஆப்ட் பொதியை ஏற்காது. இந்தச் சங்கிலி வலிமையானது. இருந்தும் 2019 ஜனவரி 22 அன்று ஆப்டிலேயே ஓர் ஓட்டை திருத்தப்பட்டது. இடையில் நிற்கும் ஒருவர் திசைமாற்றுப் பதிலொன்றைத் தந்திரமாக அமைத்து, சரிபார்ப்பைத் தாண்டித் தன் பொதியை ஏற்கச் செய்யலாம் என்பதே அந்த ஓட்டை. ஆகவே மறைகுறியீட்டு வழியைத் தரும் களஞ்சியம் கிடைக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்துவதே மேல் என்பது என் கருத்து. கையொப்பம் இருக்கிறது என்பதற்காக இரண்டாவது பூட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

ஏழு மாதத்துப் பாக்கியை டைமரிடம் விட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த போயா தினத்தில், கருமபீடம் மூடியிருக்க, தரவுத்தளத்தின் முழுப் பிரதியை வெளி வன்தட்டில் எடுத்து, அந்தப் பிரதியை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து பார்த்த பிறகே எல்லாப் பொதிகளையும் கையால் நிறுவினேன். பணிசெயல் முறைமையின் கரு (கேர்னல்) மாறியிருந்ததால் மறுதொடக்கம் தேவைப்பட்டது. சேவையகம் எழும்பவில்லை.

கடிகாரம்

திரையை இணைத்துப் பார்த்தபோது, தாய்ப்பலகையின் பற்றரி தீர்ந்துவிட்டதாகவும் எஃப் 1 சாவியை அழுத்தும்படியும், கணினியை முதலில் எழுப்பும் நிரலான பயோஸ் கேட்டுக்கொண்டு நின்றது. அழுத்தினேன், எழும்பியது. காசு வடிவில் இருக்கும் 2032 வகைப் பற்றரி அது. கடைகள் பூட்டியிருந்ததால் அன்று மாற்ற முடியவில்லை. பிறகு மாற்றலாம் என்று விட்டேன். அது என் தவறு.

அடுத்த வாரங்களில் பட்டியல் சில நாள் ஏற்கப்பட்டது, சில நாள் நிராகரிக்கப்பட்டது. புரொக்சியில் சேவையகம் ஒழுங்காக வந்து போயிருந்தது, கோப்புகளும் இறங்கியிருந்தன. இறங்கிய தலைக்கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, அதற்கு இன்னும் சில மணித்தியாலங்கள் இருக்கின்றன என்று ஆப்ட் சொன்னது. தலைக்கோப்பில் அது தயாரான நேரம் எழுதப்பட்டிருக்கும். இயந்திரத்தின் கடிகாரத்தை விட அது 10 விநாடிக்கு மேல் முந்தியிருந்தால், எதிர்காலத்திலிருந்து வந்த கோப்பு என்று ஆப்ட் அதை ஒதுக்கிவிடும். கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு மணித்தியாலம் பின்தங்கியிருந்தது. களஞ்சியம் புதுப்பிக்கப்பட்டு நான்கு மணித்தியாலம் கடந்த நாட்களில் பட்டியல் ஏற்கப்பட்டது, அதற்குள் கேட்ட நாட்களில் நிராகரிக்கப்பட்டது. சில நாள் சரி, சில நாள் பிழை என்ற தோற்றத்தின் உட்பொருள் இதுவே.

காரணங்கள் இரண்டு. தீர்ந்துபோன பற்றரியால், மின்சாரம் நிற்கும்போது தாய்ப்பலகைக் கடிகாரமும் நேரத்தை இழந்தது. உபுண்டு தான் கடைசியாக அறிந்த நேரத்தை ஒரு கோப்பில் குறித்து வைத்திருக்கும். எழும்பும்போது தாய்ப்பலகை அதைவிடப் பழைய நேரத்தைச் சொன்னால், குறித்து வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். ஆகவே யூ.பி.எஸ். தாங்காத ஒவ்வொரு மின்வெட்டும் அதன் நீளத்தளவுக்குக் கடிகாரத்தைப் பின்தள்ளியது. வழக்கமாக இதைச் சரிசெய்யும் என்.டி.பி. நெறிமுறையோ யூ.டி.பி. 123ஆம் போர்ட்டில் பேசுவது. தீச்சுவர் அதைத் தடுத்தது. வலைப் போக்குவரத்துக்கான புரொக்சி அதை ஏற்றிச் செல்லவும் மாட்டாது.

இதைக் காசாளர் அக்காவிடம் சொல்லப் போனேன். அவரது மேசையில் கிடந்த பற்றுச்சீட்டுப் பிரதிகளில், அச்சான நேரத்தின் மேல் நீலப் பேனையால் கோடு கிழித்து, பக்கத்தில் சரியான நேரம் எழுதப்பட்டிருந்தது. கட்டுக் கட்டாக இருந்தன. "கறண்ட் போய் வந்தா அப்பிடித்தான் தம்பி, நாங்க திருத்திப்போட்டுக் குடுக்கிறம்" என்றார். சேவையகத்தின் எந்தப் பதிவேட்டிலும் பிழையாகத் தெரியாத ஒன்று, அவரது கையெழுத்தில் நாள்தோறும் பதிவாகியிருந்தது. அவரிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

பற்றரியை மாற்றினேன். நேரத்துக்காகச் சேவையகத்தை வெளியே விடத் தேவைப்படவில்லை. தீச்சுவர்ப் பெட்டியே வெளியிலிருந்து நேரத்தைப் பெற்று உள்ளே வழங்க வல்லது. அந்த வசதியை இயக்கி, சேவையகத்தின் நேர ஒத்திசைவுக் கோப்பில் அதன் உள்முகவரியைக் கொடுத்ததோடு அது தீர்ந்தது.

பதினொன்றரை மணி

இனி எல்லாம் ஒழுங்கு என்று நினைத்திருந்த வேளையில், ஜூலை மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்னர் கருமபீடத்தின் திரைகள் எல்லாம் உறைந்தன. கிண்ணியாக் கிளையிலிருந்தும் அழைத்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் தானே சரியாகிவிட்டது. ஆயினும் அன்று மாலை கணக்கை ஒப்பிட்டபோது, கையிலிருந்த காசை விடப் புத்தகத்தில் ஒரு வைப்புத் தொகை கூடியிருந்தது. திரை உறைந்த கணத்தில் அந்த வைப்பு தரவுத்தளத்தில் பதிவாகி முடிந்திருந்தது. பற்றுச்சீட்டு அச்சாகும் முன் இணைப்பு அறுந்ததால், பதிவாகவில்லை என்று எண்ணிக் காசாளர் மீண்டும் பதிந்திருக்கிறார்.

உறைய வைத்தது இற்றைப்படுத்தல்தான். ஒராக்கிள் நிறுவனம் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் மாதங்களில் தன் பாதுகாப்புத் திருத்தங்களைத் தொகுத்து வெளியிடுகிறது. மைஎஸ்கியூஎல் திருத்தங்களும் அவற்றில் அடங்கும். உபுண்டு அவற்றைச் சில நாட்களில் தன் பாதுகாப்புக் களஞ்சியத்தில் சேர்க்கும். தரவுத்தளப் பொதி இற்றைப்படும்போது தரவுத்தளச் சேவை நின்று மீண்டும் தொடங்கும். இது இயல்பானது, நடந்த நேரம்தான் தவறானது. நிறுவும் டைமர் காலை 6 மணிக்கு எழும்பி, அதற்குமேல் ஒரு மணித்தியாலம் வரை எழுமாறாகத் தாமதித்து வேலையைத் தொடங்கும் என்பதே உபுண்டுவின் ஏற்பாடு. சேவையகம் நிறுவப்பட்டபோது நேர வலயம் யூ.டி.சி.யாகவே, அதாவது இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்திய உலகப் பொது நேரமாகவே, விடப்பட்டிருந்தது. கணக்கு மென்பொருள் தனக்கென இலங்கை நேரத்தை வைத்திருந்ததால் எவருக்கும் இது புலப்படவில்லை. யூ.டி.சி. காலை 6 மணி என்பது இலங்கையில் முற்பகல் 11.30. கருமபீடத்தில் கூட்டம் நிறையும் வேளை அது. ஏழு மாத காலம் இது வெளிப்படாமல் இருந்ததற்கு ஒரே காரணம், ஏழு மாத காலம் எதுவும் நிறுவப்படாததுதான்.

நேர வலயத்தை ஏசியா, கொழும்பு என்ற பெயரால் மாற்றினேன். ஐந்தரை மணித்தியாலம் என்று எண்ணாகக் கொடுப்பதைவிடப் பெயரைக் கொடுப்பதே முறை. இலங்கையின் நேரம் 1996இல் இரண்டு தடவை மாற்றப்பட்டு, 2006 ஏப்ரல் 15 அன்று மீண்டும் ஐந்தரைக்கு வந்ததை நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய மாற்றங்களும் நேர வலயப் பொதியின் இற்றைப்படுத்தல் வழியாகவே சேவையகத்தை வந்தடைகின்றன.

பிறகு டைமர்களுக்குப் புதிய நேரம் குறித்தேன். இறக்கும் டைமர் இயல்பில் நாளுக்கு இருமுறை எழும்பி, உலகெங்கும் உள்ள இயந்திரங்கள் ஒரே கணத்தில் களஞ்சியத்தை மொய்க்காதிருக்க 12 மணித்தியாலம் வரை எழுமாறாகத் தாமதிக்கும். அதை மாலை 6 மணிக்கும், தாமதத்தை ஒரு மணித்தியாலத்துக்கும் குறைத்தேன். சேகரிப்பாளர்களின் பதிவேற்றம் ஏழரைக்கு ஓய்கிறது. தரவுத்தளப் பிரதி 8 மணிக்கு எடுக்கப்படுகிறது. நிறுவும் டைமரை இரவு 9 மணிக்கு வைத்தேன். பிரதி எடுத்த பின்பே நிறுவல் என்ற வரிசை மாறக் கூடாது. இங்கே பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. டைமரின் மேலமைப்புக் கோப்பில் புதிய நேரத்தை மட்டும் எழுதினால் அது பழைய நேரத்தோடு கூடுமே தவிரப் பழையதை நீக்காது; இரண்டு நேரத்திலும் வேலை நடக்கும். முதலில் அந்த வரியை வெறுமையாக எழுதிப் பழையதை அழித்துவிட்டு, அடுத்த வரியில் புதிய நேரத்தைத் தர வேண்டும். டைமர்களின் பட்டியலைக் கேட்டு, அடுத்து எழும்பும் நேரமாக 9 மணி மட்டுமே காட்டப்படுவதைக் கண்ணால் பார்த்த பிறகே எழுந்தேன்.

தவறிய வேளையை அடுத்த தடவை எழும்பும்போதே நிறைவேற்றும் ஏற்பாடும் இந்த டைமர்களில் இயல்பாக இயங்குகிறது. இரவு 9 மணிக்கு மின்சாரம் இல்லாமல், காலை எட்டரைக்குச் சேவையகம் எழும்பினால், தவறிய நிறுவல் கருமபீடம் திறக்கும் அந்த நேரத்திலேயே தொடங்கிவிடும். ஆகவே நிறுவும் டைமரில் அதை நிறுத்தினேன். இறக்கும் டைமரில் விட்டுவைத்தேன். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரவு நிறுவப்படும். அந்த ஒரு நாள் தாமதத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

தரவுத்தளப் பொதியைத் தானியங்கிப் பட்டியலிலிருந்து விலக்கிவிடலாமே என்று குழுவில் யோசனை வந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பழுதான இற்றைப்படுத்தல், மைக்ரோசொஃப்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் இயந்திரங்களை வீழ்த்தியதை ஒருவர் சுட்டிக்காட்டினார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். பாதுகாப்புக் களஞ்சியத்தைத் தவிர வேறு எதிலிருந்தும் தானாக நிறுவக் கூடாது என்று வைத்திருப்பதும், பிரதிக்குப் பின்பே நிறுவல் என்பதும் அதன் பொருட்டே. ஆனால் அங்கத்தவர்களின் பணம் முழுவதும் இருக்கும் பொதியைத் திருத்துவது ஒரு மனிதரின் ஞாபகத்தில் தங்கக் கூடாது. இரவு 9 மணிக்குத் தரவுத்தளம் ஒரு நிமிடம் நின்றால் எவருக்கும் நட்டமில்லை. பொதி பட்டியலிலேயே இருக்கிறது. தானியங்கி மறுதொடக்கத்தை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். எஃப் 1 அனுபவத்துக்குப் பின், பூட்டிய அறைக்குள் ஆளில்லாத இரவில் அது நடப்பதை நான் விரும்பவில்லை. மறுதொடக்கம் தேவை என்ற குறிக்கோப்பு இருந்தால், போயா தினத்தில் நேரில் சென்று செய்கிறேன்.

அறிக்கையில் ஒரு வரி

எஞ்சியது கண்காணிப்பு. பிழை நேர்ந்தால் மட்டும் மின்னஞ்சல் அனுப்பு என்பதே பலரும் தெரிவுசெய்யும் ஏற்பாடு. இந்தச் சேவையகத்தில் அந்த ஏற்பாடு முதல் நாளிலிருந்தே இருந்திருந்தாலும், ஏழு மாதத்தில் ஒரு மின்னஞ்சலும் வந்திருக்காது. ஏனெனில் இயந்திரத்தின் கணக்கில் பிழையே நேரவில்லை. கவனிக்க வேண்டியது பட்டியலின் வயது. வெற்றியுடன் பட்டியல் இறங்கிய கடைசித் தடவையை உபுண்டு ஒரு முத்திரைக் கோப்பின் நேரமாகக் குறித்து வைக்கிறது. அந்த நேரத்தை எடுத்து, காசாளர் மாலையில் அச்சிட்டுக் கையொப்பமிடும் நாள் முடிவு அறிக்கையின் அடியில், பட்டியல் கடைசியாகப் பெறப்பட்ட திகதி என்று ஒரு வரியாக வரச் செய்தேன். அந்தத் திகதி முதல் நாளினது அல்லது அன்றையது என்றால் சரி, அதைவிடப் பழையது என்றால் எனக்கு அழைக்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். வேறு விளக்கம் எதையும் அவர் கேட்கவில்லை.

மார்கழி மழை நாளொன்றில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, அந்தத் திகதி மூண்டு நாளா ஒரே இடத்தில நிக்குது." புரொக்சிக் கணினியின் வன்தட்டு, அதன் சொந்தப் பதிவேடுகளாலேயே நிறைந்து போய், ஸ்குவிட் நின்றிருந்தது. பழைய பதிவேடுகளை ஒதுக்கி, வாரந்தோறும் அவை சுருக்கப்பட்டுக் கழியுமாறு அமைத்து, சேவையை மீண்டும் தொடங்க ஒரு மணித்தியாலம் ஆனது. இரண்டு நாள் கழித்துச் சென்றபோது, முந்தைய மாலை அறிக்கை கோப்பில் செருகப்பட்டிருந்தது. கடைசி வரியில் திகதி மாறியிருந்தது. அதன் பக்கத்தில் அதே நீலப் பேனையால் ஒரு சரி அடையாளம் போடப்பட்டிருந்தது.